இரண்டு நிமிடம் பதினோரு விநாடி

எங்கள் பாட்டு நான்கு நிமிடம் இருபது.
சாட்ஸ்வர்த்தில் யாரைக் கேட்டாலும்
இரண்டு நிமிடம் பதினோரு விநாடி என்பார்கள்.

அந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை,
எட்டு மணிக்குச் சற்று முன்
சமூக வானொலியில் முதன்முதலாகப் போட்டார்கள்.
கேஷ்னி அப்பாவின் காரில் நான்கு கதவும் திறந்திருக்க
கராஜ் வாசலில் நாங்கள் நால்வர்,
சிப்ஸைத் தொடக்கூடத் தோன்றாமல்.

திரேஷன் ஆங்கிலத்தில் பாடினான்:
ஹிக்கின்சன் நெடுஞ்சாலை, கடைசி பஸ்,
மூன்று முறை அழைத்தும் எடுக்காத ஒருத்தி.
பிறகு, ஒரே ஒரு தடவை, தமிழில்:
நில்லு, இன்னும் முடியல.
அவனுக்குத் தமிழ் வராது.
பீட்சா டப்பாவின் மூடியில்
ஆங்கில எழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நில்லு, இன்னும் மு

மின்வெட்டு. நான்காம் கட்டம்.
இந்த நாட்டில் சொன்ன நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான்.
நிலையத்து ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
காரில் இரைச்சல் மட்டும்.
"எஃபெக்ட் நல்லாத்தான் இருக்கு" என்றான் ருவேலன்,
பிறகு டயரை உதைத்தான்.

எவரோ அதைப் போனில் பதிந்திருக்கிறார்.
சனிக்கிழமைக்குள் பங்களாதேஷ் மார்க்கெட்டில்
வெண்டைக்காய்க்கும் செருப்புக்கும் நடுவே ஓடியது.
டாக்ஸிகளில் ஓடியது.
பள்ளிச் சுவரில் யாரோ கரியால் எழுதினார்கள்: மு.
கோயில் இளைஞரணி அதை முருகன் என்று எடுத்துக்கொண்டு
காவடி பஸ்ஸில் போட்டது.
தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஒரு பக்கம் கடிதம் எழுதினார்:
முடியவில்லை என்பதே சரி,
முடியல என்பது கொச்சை,
மு என்பது எதுவுமே இல்லை.
மொபெனி கிடங்கில் என்னோடு பெட்டி எண்ணும் சனேலே சொன்னான்:
"எங்க மொழியில மு-ன்னு ஆரம்பிச்சா
அடுத்து ஒரு மனுஷன் வருவான்."

முழுப் பாட்டையும் அடுத்த வாரம் வெளியிட்டோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள்.
அதில் நாற்பது நான்.
ஜொகன்னஸ்பர்க்கில் ஒரு விமர்சகர் எழுதினார்:
முதல் வடிவத்தின் துணிச்சல் இதில் இல்லை,
இரண்டாம் பாதி தேவையற்றது.

இரண்டாம் பாதியில் நான் இருக்கிறேன்.
மூன்றாம் நிமிடம், இரண்டாம் விநாடி.
கிட்டார் விலகும், பேஸ் விலகும்,
ஃப்ளோர் டாமில் மூன்றும் நான்குமாய் ஏழு,
பன்னிரண்டு சுற்று. ஸ்நேரைத் தொட மாட்டேன்.
கடைசிச் சுற்றில் ஒரு அடியை மட்டும் விட்டுவிடுவேன்.
அந்த ஒன்றை விடக் கற்றுக்கொள்ள
பதினோரு இரவு ஆயிற்று.
பக்கத்து வீட்டார் இரண்டு முறை போலீசைக் கூப்பிட்டார்கள்.

குரோஃப்ட்டீன் மண்டபத்தில் அறுநூறு பேர்.
எல்லோரும் பாடினார்கள், திரேஷனைவிடச் சத்தமாக.
இன்னும் மு
என்றதும் அறுநூறு வாயும் ஒரே நொடியில் மூடின.
அறுநூறு போன் விளக்கும் அணைந்தன.
அப்படி ஒரு மௌனத்தை
எந்த ஸ்டுடியோவிலும் பதிய முடியாது.
அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.
பிறகு விசில், கைதட்டல், கோலா வாங்க வரிசை.

என் குச்சிகள் இன்னும் காற்றில் இருந்தன.
ருவேலன் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
திரேஷன் என் பக்கம் திரும்பவில்லை.

வீடு திரும்பும் வழியில் ரோபோக்கள் செத்திருந்தன.
சிக்னலுக்கு இங்கே ரோபோ என்று பேர்.
நான்கு திசையிலும் கார்கள்
ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்தன.
ஸ்டியரிங்கில் ஆரம்பித்தேன்.
மூன்று, நான்கு. மூன்று, நான்கு.
என் முறை வந்து போயிற்று, நான் நகரவில்லை.
பன்னிரண்டாம் சுற்று.

பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்,
நான் விடவிருந்த இடத்தில் அல்ல,
அதற்கு ஒரு அடி முன்பாக.