ஒத்திவைக்கும் அதிகாரம்

கதவுப் பலகையில் 'இணை நீதிபதி' என்றிருக்கிறது.
இணை என்றால் சமம் என்று நினைத்து
முதல் வாரம் யாரோ பூங்கொத்து அனுப்பினார்கள்.
நான் நீதிமன்றச் சுருக்கெழுத்துக்காரி, எனக்குத் தெரியும்.
நியமன ஆணை ஒன்றேகால் பக்கம்.
நீதிபதி ஸ்ட்ரோபல் கையெழுத்திட்டார்.
கவுண்டி ஆணையர்கள் ஐவர்
சம்பளத்துக்குக் கை தூக்கினார்கள்,
மூன்று பேர் ஆம், இரண்டு பேர் எதற்கு.
தேர்தல் கிடையாது,
வேலிக்கம்பியில் பெயர் கட்டவில்லை.
அவர் விரும்பும்வரை பதவி.
விரும்பாத அன்று
ஒரு கடிதம், ஓர் அட்டைப்பெட்டி.

லெனோரா பிக்கெட் அந்த ஆணையை நாலாய் மடித்து
அங்கியின் உட்பையில் வைத்திருக்கிறாள்.
சாட்சிக்குச் சத்தியம் செய்து வைக்கலாம்.
வராதவனை ஷெரீஃபை விட்டுக் கூட்டிவரச் சொல்லலாம்.
பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம்.
நடந்தது எதுவென்று காணலாம்,
கண்டதைப் பரிந்துரைக்கலாம்.
தீர்ப்பு என்று மட்டும் சொல்லக் கூடாது.
தாளின் அடியில் இரண்டு கோடுகள்,
மேலது அவளுக்கு, கீழது அவருக்கு.
அவள் எழுதுவது மெய்.
தலையில் புள்ளியோடு நிற்கும்.
உயிர் வந்து ஏறினால்தான்
வாய்விட்டுச் சொல்ல முடியும்.

அக்டோபர், வியாழன், டெக்சஸில் அபூர்வமான மழை.
பள்ளிச் சமையலறையிலிருந்து நேரே வந்திருந்தாள்
ஒடிலியா பெனவிடெஸ், வலை கட்டிய தலையோடு.
கையில் அக்காள் மகன், ஏழு வயது.
அக்காள் ஜூனில் போய்விட்டாள்.
நாளைக் காலை ஆறு மணிக்கு
சான் அன்டோனியோவில் காது அறுவை.
சித்தி என்பது போதாதாம்,
காப்பாளர் என்று தாள் வேண்டுமாம்.

பையனின் அப்பா தொலைபேசியில் வந்தான்,
எண்ணெய்க்கிணற்று இரைச்சலுக்குள்ளிருந்து.
அவளே பார்த்துக்கொள்ளட்டும், என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
அவனுக்கு இருட்டு என்றால் ஆகாது, என்றான்.
அதையும் தட்டினேன்.

மூன்றே முக்காலுக்கு மேல்கோட்டில் பெயர் விழுந்துவிட்டது.
கீழ்க்கோட்டுக்காரரோ முப்பது மைல் தள்ளி,
வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கும் பசுவோடு.
ஓடை பாலத்தின் மேல் ஓடியது.
ஐந்துக்குக் கட்டடத்தைப் பூட்டுவது கவுண்டி வழக்கம்.
டெல்பர்ட் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார்,
கோபமில்லை, இரவுச் சாப்பாட்டு நேரம்.

லெனோரா மடிப்பைப் பிரித்துப் படித்தாள்.
"ஒத்திவைக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது."
இருக்கிறது, என்றேன்.
"ஒத்திவைத்தே ஆகவேண்டும் என்று இல்லை."
இல்லை.

அப்படியே உட்கார்ந்தாள்.
மன்றம் அமர்ந்திருக்கையில் விளக்கை அணைக்க முடியாது,
முத்திரையோடு எழுத்தர் வீட்டுக்குப் போக முடியாது.
மணி 5:20. யாரும் பேசவில்லை.
மணி 5:50. மழை.
மணி 6:15. ஒடிலியா பையிலிருந்து
பாதி சாண்ட்விச் எடுத்து டெல்பர்ட்டிடம் நீட்டினாள்.
நீதிமன்றத்துக்குள் உணவு கூடாது.
டெல்பர்ட் வாங்கிக்கொண்டார்.
இதை நான் தட்டவில்லை.

பையன் மேடையருகே வந்து
சுத்தியைத் தொடலாமா என்று கேட்டான்.
"தட்டினால் முடிந்துவிடும்," என்றாள்.
இடது காதுப் பக்கம் சொல்லியிருக்கிறாள்.
மறுபக்கம் வந்து குனிந்து இன்னொரு முறை சொன்னாள்.

ஏழே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்க
ஸ்ட்ரோபல் வந்தார், முழங்கால் மட்டும் சேறு.
கன்று பிழைத்தது, என்றார். பசுவைப் பற்றிச் சொல்லவில்லை.
நின்றபடியே முழுவதும் படித்தார்,
அப்பன் சொன்ன இருட்டு வரை.
கையெழுத்திட்டார். கட்டைவிரல் ஈரம்
மேல்கோட்டுப் பெயரில் பாதியை இழுத்துக்கொண்டு போயிற்று.
"இனி ஒத்திவை," என்றார்.
அவள் தட்டினாள். மெதுவாகத்தான்.

டிசம்பரில் ஆணையர் ஒருவர் என் கட்டணச் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.
இரண்டு மணி நாற்பது நிமிடம்
ஒருவரும் ஒன்றும் பேசாததற்கு
இத்தனை டாலரா?
லெனோரா பின்வரிசையில் இருந்தாள்,
பெட்டியோ கடிதமோ இன்னும் வரவில்லை.
நான் எழுந்து சொன்னேன்:
பேசாததைத் தட்டுவதற்கும்
அதே விரல்கள்தான், ஐயா.
மூன்று பேர் ஆம்.