போடு

காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிற நாளில்
தாரந்தோவில், எங்கள் தெருவில்,
யாரும் ஜன்னல் திறப்பதில்லை.
உருக்காலையின் செந்தூசி
பால்கனி பேசில் இலைமேல் உட்கார்ந்திருக்கும்.
ஏழு இலை கிள்ளி மூன்று தண்ணீரில் அலசினேன்.

தக்காளி நேற்று வாங்கியது.
மழை குடித்துத் தோள் வெடித்தவை, கிலோ அறுபது சென்ட்.
வெடித்ததுதான் வேண்டும் என்றேன்,
கடைக்காரர் நம்பவில்லை.
பாதியாய் அறுத்து, அறுத்த முகத்தைத்
துருவியில் தேய்த்தால்
சதை கிண்ணத்தில், தோல் உள்ளங்கையில்.
கொதிநீரில் முக்கி உரிக்கிற வேலையெல்லாம்
ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு.

எண்ணெய். தட்டிய பூண்டு இரண்டு பல்.
கறுத்தால் தூக்கிப் போடு, கசக்கும்
என்று தோரா சொல்வாள்.
சொல்வாள் என்றால், போன ஞாயிறு வரை.

ஞாயிறன்று தெரிந்துவிட்டது:
தம்பி எஜிதியோவின் படகு மோட்டாருக்கு
எண்ணூறு யூரோ கொடுத்தேன்,
அவளிடம் சொல்லாமல் கொடுத்தேன்.
முதல் வரியை அவள் மன்னித்திருப்பாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை.
உப்பு ஜாடி மட்டும்
மேசையில் அவள் பக்கமும் என் பக்கமும்
நகர்ந்துகொண்டிருந்தது.

இருந்தாலும், திங்கள், செவ்வாய்,
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடித்து
பஸ் ஏறியதும் போன் அடித்தாள்.
ஒரே சொல்.
"போடு."
வைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஸ்பகெட்டிக்கு ஒன்பது, புரட்ட இரண்டு,
மிச்சம் ஒன்றில் அவள் படியேறுவதைக் கேட்கலாம்.
இங்கே குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும்
தெரிந்த கணக்கு.
கோபம் கோபமாக இருக்கட்டும்,
பாஸ்தா யாருக்கும் காத்திருக்காது.

இன்றும் அடித்தாள். போட்டேன்.
தண்ணீர் ஒரு கணம் வாயடைத்துப்போய்
மறுபடி கொதித்தது.
பக்கத்துச் சட்டியில் தக்காளி தெறித்து
என் பனியனில் மூன்று புள்ளி.

நான்காவது நிமிடம் மறுபடி போன்.
போடச் சொன்னவள் திரும்ப அழைத்ததே இல்லை.
"பாலத்தைத் திறந்துட்டாங்க.
ஏதோ கப்பல். பெரிசு. பஸ் நிக்குது."
ஏழு சொல். எண்ணினேன்.
"எவ்வளவு நேரமாகும்?"
"கப்பலத்தான் கேக்கணும்."

ஊர் இரண்டாய்ப் பிரிந்து ஒதுங்கி நிற்கிறது.
நடுவே ஒரு போர்க்கப்பல், அவசரமில்லாமல்.
அந்தக் கரையில் தோரா.
இந்தக் கரையில் முன்னூறு கிராம் ஸ்பகெட்டி,
நிறுத்த முடியாத வேகத்தில் வெந்துகொண்டு.

வடித்து எண்ணெய் தடவி வைக்கலாம்.
அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம், எங்கோ வடக்கே.
இதை நான் தின்றுவிட்டு
அவளுக்குப் புதிதாய்ப் போடலாம்.
பொட்டலத்தில் இன்னும் பாதி இருந்தது.
அதுதான் சரி என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அவள் போடச் சொன்னது இதை.

தக்காளிச் சட்டியில் அள்ளிப் போட்டு,
ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, மூடினேன்.
நிமிடத்துக்கொரு முறை மூடியைத் தூக்கினேன்.
இழைகள் சாற்றைக் குடித்துக் குடித்துப் பருத்தன.
பேசிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
நின்றேன், பஸ் டிக்கெட் மாதிரி.

எட்டு இருபத்தாறு. சாவிச் சத்தம்.
கோட்டைக் கழற்றாமலே
முள்கரண்டியால் ஒரு சுழற்றுச் சுழற்றி
வாயில் வைத்தாள். மென்றாள்.
மெல்ல என்ன இருந்தது அதில்.

"குழைஞ்சு போச்சு."
"ஆமா. குழைஞ்சுதான் போச்சு."
"உப்பும் கம்மி."
ஜாடி என் பக்கம் இருந்தது.
நகர்த்தவில்லை. எழுந்துபோய்
அவள் தட்டில் நானே தூவினேன்.

"போதும், போதும்.
படகு ஓடுதா, இல்ல அதுவும் நிக்குதா?"
"ஓடுதாம்."
"அப்ப வெள்ளிக்கிழமை சிப்பி கொண்டுவரச் சொல்லு.
ரெண்டு கிலோ. தேய்ச்சுக் கழுவி."

ரொட்டியைப் பிய்த்தாள்.
சட்டியின் ஓரத்தை வழித்தாள்.
அப்புறம்தான் கோட்டைக் கழற்றினாள்.