கூழ்

ஜூன் இரண்டாம் வாரம். பெங்களூரா வரத்து உச்சத்தில்.
ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை
டிராக்டர்கள் நிற்கிற நாளில் அரை நாள் லீவு கேட்டேன்.
சூப்பர்வைசர் என் கன்னத்தைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டு சீசனாக லேபில் இருக்கிறேன்.
இனிப்புக்கு ஒரு கருவி, புளிப்புக்கு ஒரு குடுவை,
கடைசியில் ஒரு ஸ்பூன் என் நாக்கில்.
கருவி பொய் சொல்லாது. ஆனாலும் முதலாளிக்கு
என் முகம் சுளிக்கிறதா என்று தெரியவேண்டும்.
மூன்று நாளாக எல்லா டிரம்முக்கும் சுளித்தது.
நல்ல மாங்கூழ் இரண்டு லாட் நிறுத்தப்பட்ட பிறகுதான்
குற்றம் டிரம்மில் இல்லை,
கீழ்வரிசையில், இடது கடைவாயில் என்று ஒப்புக்கொண்டேன்.

லண்டன்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே
டாக்டர் ஃபர்ஹானா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இது எனாமல். இது வேர்.
நடுவில் தெரியுதே, அது பற்கூழ்.
கெட்டுப்போச்சு. வழிச்சு எடுக்கணும்."
சிரிப்பு வந்தது, வலியில் பாதியிலேயே நின்றது.
கப்பலேறும் கூழுக்கெல்லாம் சான்று எழுதுகிறவள் வாயில்
சோதிக்கப்படாத ஒரு சொட்டு.

எதுக்குப் பயம் என்றாள்.
சத்தம், என்றேன்.
கொட்டையைப் பிரிக்கிற மெஷினில் கல் மாட்டினால்
ஒரு கூச்சல் வரும், அது எனக்கு முதுகில் கேட்கும்.

அவசரப்படாமல் சொன்னாள்:
ஊசி எப்படியும் உண்டு. மரத்துவிடும், சத்தம் மட்டும் கேட்கும்.
மூக்கில் வாயு வைக்கலாம், உடம்பு லேசாகும்.
முடிந்ததும் கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன், தெளிந்ததும் தனியாகவே போகலாம்.
மாத்திரை என்றால் முன்னாடியே போட்டு, அரைத்தூக்கத்தில் வரணும்.
நரம்பில் மருந்துக்குச் சேலத்திலிருந்து மயக்க டாக்டர்,
வெறும் வயிறு, கூடுதல் காசு.
"கடைசி இரண்டுக்கும் கூட ஒரு ஆள் வேணும்.
வீடு வரை கொண்டுபோய் விடணும்."

மாத்திரைதான் மனசில் இருந்தது.
"உளறுவேனா?"
"ரகசியமெல்லாம் யாரும் சொன்னதில்லை.
தண்ணி கேப்பாங்க, அவ்வளவுதான்."

படிவம்.
பெயர், முனிரத்னா. வயது, நாற்பத்தொன்று. சர்க்கரை, இல்லை.
உடன் வருபவர்:
அந்தக் கோட்டில் பேனா நின்றது.
வீட்டுக்காரர் லாரியோடு இந்தூரைத் தாண்டியிருப்பார்.
பையனுக்கு ஓசூரில் பி ஷிஃப்ட்.
தங்கை காவேரிப்பட்டணத்தில், பஸ்ஸில் அரை மணி.
எருமை விற்ற காசில் பேச்சு நின்று
இந்த ஆடியோடு இரண்டு வருஷம்.
கோடு போட்டு அடித்தேன்.
வாயு, என்றேன்.

முகமூடியில் ஸ்ட்ராபெரி வாசனை.
மாம்பழம் இல்லையா என்று கேட்டேனாம்.
நர்ஸ் சிரித்தது நினைவிருக்கிறது.
கால்கள் யாருடையதோ போல அந்தப் பக்கம் கிடந்தன.
ஊசி குத்தியது தெரிந்தது, யாருக்கோ குத்தியது மாதிரி.
மெஷின் கூவியது. கூவட்டும்.
கல்லைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்,
கண்டுபிடித்துவிடுவார்கள், இன்றைக்கு என் டியூட்டி இல்லை.
எருமைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது.
அதை இரண்டு வருஷமாக மறந்திருந்தேன்.

வெளியே வந்தபோது தலை தெளிவாக இருந்தது.
முகத்தில் பாதி மட்டும் இன்னும் வரவில்லை.
வியாழக்கிழமை மறுபடி வரணும், வேரை அடைக்க.
மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து
விரல் எந்த எண்ணை அழுத்தியது என்று
மணி அடித்த பிறகுதான் பார்த்தேன்.

"யாரு?"
பல்லு என்றேன், உதடு ஒட்டாமல் அது
வேறென்னவோவாக விழுந்தது.
ஒரு பஸ் போய் முடிகிற நேரம் பேச்சில்லை.
பிறகு அவள், கறாராக, எருமைக்கு விலை பேசின அதே குரலில்:
"எந்தப் பக்கம்?"