பங்காளி

மனௌஸில் மழை.
ஜெனரேட்டர் இரண்டு முறை செத்துப் பிழைத்தது.
ஜுரேமா அச்சுத்தாளை விரிக்கிறாள்:
ஆமை, முதலை, கோழி, பல்லி.
ஆளுக்கொரு வரி ஹீமோகுளோபின்,
வரிக்கு நூற்று நாற்பத்தொரு எழுத்து.

ஓட்டையும் செதிலையும் பாராமல்
பென்சில் முனை ஊர்கிறது.
ஆமையும் பல்லியும் பிரியும் இடமெல்லாம் வட்டம்,
வட்டத்தை இடிக்கும் வட்டம்.
கோழி வரியில் குறைவு.
மறுபடி எண்ணினாள். அப்படியேதான்.

ஒரே புரதத்தை நம்பாதே, நூறு வேண்டும்
என்கிறான் வால்டெமிர்.
நியாயம்தான்.

ரத்தம் கொடுத்த ஆமை
அன்றைக்கே ரியோ நெக்ரோவில் இறங்கிவிட்டது,
முடிவுக்குக் காத்திராமல்.

மதியம் டப்பாவைத் திறந்தாள்.
கோழிக்கால்.
சுவரில் பல்லி சொல்லிற்று;
போர்த்துகீசில் அதற்குப் பலன் கிடையாது.

பசி. தின்றாள்.
எலும்பை மட்டும்
தாளைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தாள்.