ஏழு பேர்

வானொலியில் ஆவியாயா.
நூக் நகரத்துப் பெரிய கோயில்,
அங்கே இருமல்கூட எதிரொலிக்கிறது.
ஒரே வகுப்பில்தான் படித்தோம்.
கிரேக்கத் தேர்வில்
என் தாளைப் பார்த்து எழுதியவள்.

இங்கே ஏழு பேர்.
இன்று ஆறு: மாலிக் சீல் வேட்டைக்குப் போய்விட்டான்.
ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை;
அந்தச் சுரம் வரும் இடத்தில் மட்டும்
எல்லோரும் சற்று உரக்கப் பாடுவார்கள்.

அடுப்பில் மீன் கருகும் வாசம்.
வானொலியை அணைத்தேன்.
கடற்கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தவரிடம்
இன்னொருவனைக் காட்டி
‘இவன் காரியம் என்ன’ என்றான் பேதுரு.
நான் கேட்கவில்லை.
பதில் தெரியும்.

மணிக்கயிறு பனியில் விறைத்திருக்கிறது.
இரண்டு கையாலும் இழுக்கிறேன்.
முதலில் நாய்கள் பதில் சொல்கின்றன.

பிறகு, தொலைவில்,
ஒரு கதவு.