சுட்டி 4.2

திருநெல்வேலி, வளாகத்தின் திட்டமிடல் பிரிவு.
ஏசித் தண்ணி சொட்டும் மூலையில் என் மேசை.
தந்தது ஒரு எக்செல் தாள், ஒரு தொலைபேசி,
நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

சுட்டி 4.2:
பட்டம் பெற்று ஆறு மாதத்துள் வேலை பெற்றோர் வீதம்.
அடிப்படை ஆண்டில் முப்பத்தெட்டு.
ஐந்தாம் ஆண்டின் இலக்கு அறுபத்தைந்து.
நடுவில் கிடக்கும் இருபத்தேழும்
எந்த வழியால் வருமென்று
மூலோபாயத் திட்டத்தின் எழுபது பக்கத்திலும் இல்லை.

ஒன்று என்றால் வேலை. இரண்டு, மேற்படிப்பு.
மூன்று, தேடுகிறார். ஒன்பது, பதிலில்லை.

"கட்டாரில நிக்கிறன், சாமான் அடுக்கிறன்.
புவியியல் சிறப்பு எண்டு
இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லை."
ஒன்று.

சுன்னாகத்தில் கேக் அடிக்கிறாள் ரொசாந்தினி.
"மாதம் நாலு ஓடர். சித்திரையெண்டா பத்து."
கைந்நூலைப் புரட்டினேன்.
வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தாலும்
ஒன்றுதானாம்.

கச்சேரி வாசலில் பதாகையோடு இருந்தவன்
கோஷத்துக்குள் இருந்து கத்தினான்:
"கம்பசோ? எங்கட பட்ச் முழுக்க இஞ்சதான்.
போனைக் குடுக்கிறன், எல்லாரிட்டயும் கேளுங்கோ!"
கொடுத்தான்.
ஒரே அழைப்பில் ஏழு மூன்றுகள்.
அன்றைக்கு என் செயலாற்றுகை
நாளாந்த இலக்கைத் தாண்டியது.

வேலணை வினோதரூபி குரலைத் தாழ்த்தினாள்.
"வேலை எண்டு போடுங்கோ அக்கா.
எங்க எண்டு மட்டும் கேளாதேங்கோ.
மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்திருக்கினம்."
பின்னால் கோப்பைகள் சிணுங்கின.
ஒன்று போட்டேன்.
மூன்றாக்கினேன்.
சாப்பிடப் போய்விட்டேன்.
வந்து பார்த்தபோதும் மூன்றாகத்தான் இருந்தது,
கீழே ஒரு அடிக்குறிப்பு எழுதினேன்.

"அடிக்குறிப்பு வேண்டாம் பிள்ளை,
கொழும்பு அனுப்பின தாளில அதுக்கு இடமில்லை"
என்றார் பீடாதிபதி. கோபமில்லாமல்தான் சொன்னார்.
திரையில் எங்கள் கட்டம் மஞ்சள்.
நாற்பத்தொரு வீதம். ஐம்பதில் பச்சை.
"பச்சைக்கு எத்தினை குறையுது?"
"பத்துப் பேர் சேர்."
"பத்துப் பேர்தானே" என்றார் யாரோ.
கொஞ்ச நேரம் எல்லோரும்
தட்டிலிருந்த பற்றிசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தேழாவது வரிசையை
கடைசிவரை வெறுமையாய் விட்டிருந்தேன்.
பெயர் சரி. பதிவிலக்கம் சரி.
கூட்டம் கலைந்ததும் அழைத்தேன்.
நீங்கள் அழைக்கும் இலக்கம்
தற்போது பாவனையில் உள்ளது.

தெரியும், என் கையில்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் மார்கழி முப்பத்தொன்று வரைக்கும்.
நீடிப்பதைப் பற்றி
பதிவாளர் "பாப்பம்" என்றிருக்கிறார்.
'பாப்பம்'க்கு குறியீடு தேடினேன்.
பிறகு, ஒன்று என்று போட்டு
தாளைச் சேமித்தேன்.

பச்சைக்கு இனி ஒன்பது பேர்.