நீர் அடுக்கு

யானைமலை தெரிகிற மாடி, ஒத்தக்கடை.
இரவு வேலை. எட்டுக் கணினி, ஓடாத ஒரு ஏசி.
எனக்கு விழுந்தது ஃப்ளேவோலாந்து,
நெதர்லாந்து மாகாணங்களில் கடைக்குட்டி.
வானத்திலிருந்து எடுத்த படத்தில்
கூரை கூரையாய்க் கோடிழுத்து
வீடு, கொட்டகை, கண்ணாடித் தோட்டம் என்று
பிரித்துக் கொடுக்க வேண்டும்.
கோடு கோணினால் மூன்று ரூபாய் பிடித்தம்.

மக்கள் நாலரை லட்சத்துக்குப் பக்கம்.
பாதிப்பேர் அல்மேரெ என்ற ஒரே ஊரில்.
மிச்சமெல்லாம் வாய்க்கால், உருளைக்கிழங்கு, காற்றாலை,
அடிக்கோல் வைத்துப் போட்ட ரோடு.
உர்க் வரும்போதுதான் தெரு வளையும்,
கை கொஞ்சம் நிற்கும்.
அது முன்னே தீவு.
சுற்றியிருந்த கடலை இறைத்துத் தள்ளிவிட்டார்கள்;
அது பாட்டுக்கு இன்னும் மீன் விற்கிறது.

எங்கள் தெருவும் நூல் பிடித்ததுதான்.
கண்மாய்க்குள்.
"மேட்டு மனை" என்றுதான் மச்சக்காளை விற்றார்.
பத்திரத்தின் நான்கெல்லையில்
இரண்டு பெயர், இரண்டு பாதை.
தண்ணீர் எந்தத் திசையிலும் இல்லை.

அவர்கள் தரை
கடலுக்கு நாலைந்து மீட்டர் கீழே.
பம்பு நின்றால் என்ன ஆகும் என்று
பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.
அதற்கென்றே ஒரு வாரியம், வரி, தேர்தல்.
எங்கள் வார்டு மோட்டாருக்கு டீசல் ஊற்ற
செல்வக்கனி போனை எடுக்கணும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி இவர் கூப்பிட்டார்:
"பந்தல்குடி வாய்க்கால் பொங்கிருச்சு.
சிலிண்டர் மிதக்குது.
பாப்பாவ மாடியில ஜெனிட்டா வீட்ல விட்ருக்கேன்.
நீ வராத, பாலத்துல இடுப்பளவு."

திரைக்குத் திரும்பினேன்.
வயலுக்கு நடுவே ஒரு குறி: கப்பல்.
கடலாயிருந்த நாளில் முழுகியது,
ஏர் ஓட்டும்போது தட்டியதாம்.
நீலமும் வெள்ளையுமாய்க் கம்பம் நட்டு
அப்படியே விட்டிருக்கிறார்கள்.
எதில் சேர்ப்பது?
வியாகுலம் சார் எட்டிப் பார்த்தார்.
"ஆள் குடியில்லேல்ல? விட்ருங்க."
விட்டேன்.
கணக்கில் அன்று நூற்றுப்பதினாறு கூரை.

விடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.
பின்னாடியே நிவாரணக் கணக்கெடுக்க ஒரு பெண்:
"எத்தனை பேர்? சொந்த வீடா?
தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

பீரோ பக்கச் சுவரில்
பாப்பாவின் உயரத்தை
பிறந்தநாள் தோறும் பென்சிலால் குறித்திருந்தோம்.
ஐந்தாவது குறிக்கு மேலே
நாலு விரல்கடை தள்ளி
அறை முழுக்க ஓடியது சேற்றுக் கோடு.

எவ்வளவு நேர்!
மூலையில்கூடப் பிசகவில்லை.
மூன்று ரூபாய் பிடிக்க முடியாது.